செய்தியும் அளவையும்

மக்கள் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் வினை ஈட்டுவர். அவற்றுள் வாக்கு, பிறந்த இடத்தில் நில்லாது பிறர் செவி புகுந்து பரவும் இயல்பிற்று. அச்சேறிய வாக்கோ, சொன்னவன் மறந்த பின்னரும் அழியாது நிற்கும். ஆதலின், பத்திரிகை எழுதுவோர்க்குரிய வாய்மை யாதென ஆராய்தல் சைவ நன்மக்கட்கும் கடனாம்.

நம் சித்தாந்த நூலோர் காண்டல், கருதல், உரை என அளவை மூன்று கொண்டனர். திருவரங்கத்தே நின்று அந்திப்பொழுதில் தாயுமானவர் எழுந்தருளிய திருச்சிராப்பள்ளி மலையை நோக்கும் ஒருவன், உச்சியில் கரியதொன்று காண்கின்றான். புகையோ முகிலோ என மயங்குவது ஐயக்காட்சி. முகிலைப் புகையெனவே துணிவது திரிபுக்காட்சி. இவற்றுள் ஒன்றைக்கொண்டு 'மலைக்கோயிலில் தீ' என அச்சிடுவானாயின், தொலைவிலிருந்து படிப்போன் அதனை எங்ஙனம் ஆராய்வான்? அவனுக்கு அஃது உரையளவை போலவே வந்தெய்துகின்றது. இயல்பாகவே பாசங்களின் நீங்கிய இறைவன் அருளிய ஆகமமே உண்மையில் உரையளவையாம். மலமுடைய மாந்தர் உரையோ காண்டலானும் கருதலானும் சோதிக்கப்படுதல் வேண்டும். அச்சோதனை எழுதுவோன்மேற்றே.

இதற்கு ஒரு சான்று காட்டுதும். சென்னையில் 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்னும் ஏடுகளை நடத்திய லட்சுமிகாந்தன், நடிகர் முதலியோரின் ஒழுக்கம் பற்றிய வதந்திகளை வெளியிட்டு வந்தார். 1944 நவம்பரில் குத்துண்டு இறந்தார். பழிச்சொல்லுக்குக் கொலை ஒருகாலும் நியாயமாகாது. அவ்வழக்கில், திருச்சிராப்பள்ளியில் வளர்ந்த எம். கே. தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 1947இல் இருவரும் விடுதலை பெற்றனர்.

இந்நாளில் இவ்வரலாற்றை எழுதுவோன் தண்டனையைக் கூறி விடுதலையைக் கூறாது விடுவானாயின், அவன் கூறியது மெய்யே. ஆயினும் கூறாமையாற் பொய்யாயிற்று. வதந்தியைக் கண்டிக்கப் புகுந்தவனே வதந்தி செய்தவனாவன். ஆகலின் முழுமையும் வாய்மையின் ஓர் உறுப்பாம்.

'மக்கள் விரும்புகின்றனர், யாம் தருகின்றோம்' என்பர் சிலர். விரும்புதல் பற்றி நஞ்சு உணவாகாது. எனினும், பிறர் பழியைக் காசு கொடுத்து வாங்கிச் சுவைப்போனும் அவ்வினையிற் பங்குடையனே.

எனவே எழுதுவோர் கண்டதைக் கண்டதென்றும், ஐயுற்றதை ஐயமென்றும் எழுதுக. பிழைத்தவழித் திருத்தத்தை மறையாது வெளியிடுக. படிப்போர் ஆராயாது நம்புதலை ஒழிக. இருபாலார்க்கும் திருவருள் துணைநிற்க.