தையில் ஊன்றிய தாகம்

சித்திரை வெயிலில் தர்பூசணி தின்றுவிட்டு, துப்பிய விதையை அன்று மாலையே கொல்லையில் ஊன்றியவன் நான். நாக்கின் ஈரம் காய்வதற்குள் நட்டுவிடும் அவசரம். கொடி நன்றாகத்தான் ஓடியது. மஞ்சள் மஞ்சளாகப் பூவும் வந்தது. பெரும்பாலும் ஆண் பூ. கடும் வெயிலில் இந்தக் கொடிக்குப் பெண் பூ குறையும் என்பது அப்போது தெரியாது. தப்பிப் பிழைத்த இரண்டு காய்கள் பழுப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. அடுத்தடுத்து மாலை மழை பெய்ததில் ஒன்று வெடித்தது. மற்றதை அறுத்தால் சிவப்பு இருந்தது, இனிப்பு இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த மழைச் சாயங்காலத்தில் வீட்டில் யாருக்கும் அது வேண்டியும் இருக்கவில்லை.

பிறகு ஆடிப்பட்டம் பார்த்தேன். பூசணிக்கும் பீர்க்கனுக்கும் ஆகிறதே, அவற்றின் பங்காளிக்கு ஆகாதா என்று ஒரு கணக்கு. ஐப்பசி அடைமழை பிஞ்சுகளைத் தரையோடு அழுகவைத்தது.

திண்டிவனம் சாலையோரம் பழம் குவித்திருந்த பெரியவரிடம், எந்த மாசம் போடுவது என்று கேட்டேன்.

"எந்த மாசம் திங்கணும்னு சொல்லுங்க சார். அங்கேர்ந்து மூணு மாசம் பின்னால எண்ணுங்க."

விதையிலிருந்து பழத்துக்கு ஏறத்தாழ 90 நாள். பங்குனிக் கடைசியில் பழம் வேண்டுமென்றால் பொங்கல் கழிந்த கையோடு ஊன்ற வேண்டும். கணக்கு எளிது, கைதான் வரவில்லை. தை விடியலில் பனி கொட்டுகிறது. தலையில் துண்டு, பக்கத்தில் ஆவி பறக்கும் காபி. பானைத் தண்ணீரைக்கூடத் தேடாத உடம்பு. குழியில் மக்கிய எரு போட்டு, நாலு நாலு விதையாக ஊன்றும்போது, இதை யாருக்காகச் செய்கிறேன் என்றே தோன்றியது. இன்னும் வராத தாகத்துக்காக. இன்னும் நான் ஆகாத ஒருவனுக்காக.

வேண்டும் என்று மனம் தவிக்கும் மாதமும், அதற்காக முதுகு குனிய வேண்டிய மாதமும் ஒன்றாக வருவதே இல்லை. என் மகனுக்கு ஏழு வயதில் ஒரு நாளைக்கு நூறு கேள்வி இருந்தது. எனக்கு அலுவலகம் இருந்தது. இன்று அவன் போனுக்காகக் காத்திருக்கிறேனே, அது சித்திரையில் விதை ஊன்றுகிற வேலைதான்.

மாசியில் முதலில் ஆண் பூக்கள்தான் வந்தன. இந்த முறை பதறவில்லை. சில நாளில், அடியில் சிறு உருண்டையோடு பெண் பூ எட்டிப் பார்த்தது. காலையில் விரிவது பிற்பகலில் மூடிக்கொள்ளும். அந்த ஒரு பொழுதுக்குள் தேனீ வந்தாக வேண்டும். வந்தது.

பங்குனி முடிவில், காம்பை ஒட்டிய சுருள் காய்ந்து, பழம் தரையில் படிந்திருந்த பக்கம் மஞ்சளானது. இது சுகர் பேபி என்ற ரகம். வீரிய ஒட்டு ரகம் போல அன்றி, எடுத்து வைத்த விதையும் தாயைப்போலக் காய்க்கும். மனைவி விதைகளைக் கழுவிக் காகிதத்தில் பரப்பியபடி, "இதையும் இன்னைக்கே ஊனிடுவீங்களா?" என்றாள்.

காய்ந்ததும் பொட்டலம் மடித்து, மேலே 'தை' என்று எழுதி, அலமாரியில் கம்பளிப் போர்வைகளுக்கு நடுவே வைத்தேன்.