சூசையப்பர் கையில் லீலி மலர்



மார்ச் 19, சூசையப்பர் திருநாள். அவருடைய சுரூபத்தைப் பாருங்கள். ஒரு கையில் குழந்தை இயேசு, மறு கையில் வெள்ளை லீலி மலர்.

மரியன்னையின் தூய்மைக்கு அடையாளமாக ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்துவந்த மலர் இது. சியன்னா பேராலயத்துக்காக 1333-இல் சிமோனே மார்த்தினி தீட்டிய மங்கள வார்த்தை ஓவியம் இன்று ஃபுளோரன்ஸ் நகரின் உஃபீசி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னணி முழுவதும் தங்கம். கபிரியேல் தூதர் மண்டியிட்டிருக்கிறார். மரியா உடலை ஒடுக்கிப் பின்வாங்குகிறார். ஒரு கை மேலாடையைக் கழுத்தோடு இழுத்துப் பிடிக்கிறது. மறு கையில் வாசித்துக்கொண்டிருந்த புத்தகம். பக்கம் தவறிவிடாமல் கட்டைவிரல் உள்ளே இருக்கிறது. இருவருக்கும் நடுவே ஒரு சாடி நிறைய லீலி மலர்கள். அந்த இளம்பெண்ணின் கலக்கத்தை ஓவியர் மறைக்கவில்லை. அவர் கலங்கியதற்குக் காரணம் உண்டு: மணமாகும் முன்பே கருவுற்றால் ஊர் என்ன சொல்லும் என்பது அவருக்குத் தெரியும்.

நம் வீடுகளில் தூய்மை என்ற பேச்சு வந்தாலே பெண்பிள்ளைகளை மட்டும் உட்காரவைத்துப் புத்தி சொல்கிறோம். மகன் எங்கே போகிறான், கைப்பேசியில் என்ன பார்க்கிறான் என்று கேட்பதில்லை. திருச்சபையோ இந்த மலரைச் சூசையப்பர் கையிலும், பதுவை அந்தோனியார், சாமிநாதர், ஞானப்பிரகாசியார் கைகளிலும் கொடுத்திருக்கிறது. நால்வரும் ஆண்கள்.

மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். தமக்கு மண ஒப்பந்தமான பெண் கருவுற்றிருக்கிறார் என்று சூசையப்பருக்குத் தெரியவருகிறது. கனவில் வானதூதர் இன்னும் தோன்றவில்லை. எந்த விளக்கமும் கிடைக்கவில்லை. சட்டம் அவர் பக்கம் இருந்தது. ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மரியாவை அவமானப்படுத்த மனமில்லாமல், மறைவாக விலக்கிவிடலாம் என்றுதான் நினைத்தார். மனம் நொந்திருந்த நேரத்திலும் ஒரு பெண்ணின் மானம் அவர் கையில் பத்திரமாக இருந்தது. லீலி மலரை ஏந்தும் தகுதி அந்தக் கைக்கு அப்போதே வந்துவிட்டது என்று நான் நம்புகிறேன்.

தகப்பன்மாரே, அண்ணன் தம்பிகளே, ஒரு பெண்ணைப் பற்றிய அவதூறு உங்கள் காதுக்கு வரும்போது அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கைப்பேசிக்கு வந்த படத்தை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் மகன்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அதற்கான அருளை இந்தத் திருப்பலியில் சூசையப்பர் வழியாகக் கேட்போம். ஆமென்.