அழாத பிள்ளை

"குழப்படியே இல்லாத பிள்ளை" என்று எம்மவர் புகழ்வதுண்டு. அந்த அமைதி எப்போதும் நிம்மதியின் அடையாளந்தானா என்பதை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

1952ஆம் ஆண்டு லண்டன் டவிஸ்ரொக் நிலையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் றொபேட்சன் ஒரு படத்தை வெளியிட்டார். சத்திரசிகிச்சைக்காக எட்டு நாட்கள் வைத்தியசாலையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றியது அது. அக்காலத்தில் தாய் உடன் தங்க முடியாது. சிறுமி அதிகம் அழவில்லை. ஆனால் நாளடைவில் தாய் வந்தபோதும் ஒதுங்கினாள். அழாத பிள்ளை தேறிவிட்டது என்றே நம்பியிருந்த வைத்தியர் பலர் படத்தைக் கண்டு சினந்தனர். ஆயினும் 1959இல் பிளாட் குழு, பெற்றோர் தடையின்றிப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. றொபேட்சனுடன் பணியாற்றிய வைத்தியர் ஜோன் போல்பி (1907–1990), குழந்தைக்கு உணவைப் போலவே நம்பத்தக்க ஒருவரின் அரவணைப்பும் தேவை என எடுத்துரைத்தார்.

1983க்குப் பின் விம்பிள்டனிலும் சுற்றுப்புறத்திலும் குடியேறிய எமது குடும்பங்கள் சிலவற்றில், தந்தையும் தாயும் முதலில் வர, பிள்ளை அம்மம்மாவிடம் வளர்ந்தது. ஆண்டுகள் கழித்து, அம்மம்மாவையும் பிரிந்து, முகம் மறந்த பெற்றோரிடம் வந்து சேர்ந்தது. அழவில்லை, நன்றாகப் படித்தது. வளர்ந்தபின் எவரையும் முழுதாக நம்ப இயலாமல் தவிப்போர் அவர்களுள் உண்டு.

இதைப் பேசுவது பெற்றோரைப் பழிப்பதாகாதா? ஆகாது. உயிர் காக்கப் பிரிந்த தாயிடம் குற்றமில்லை. குற்றமில்லாத இடத்திலும் காயம் உண்டாகலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியே தாயும் பேசுவதில்லை, பிள்ளையும் பேசுவதில்லை.

உளவளச் சிகிச்சை கடந்ததை அழிக்காது. வாரந்தோறும் குறித்த நேரத்தில், சலிக்காது கேட்கும் ஒருவர் முன், அன்று அழாத அழுகைக்கு இடமளிக்கிறது. "சொன்னால் இவரும் விலகிவிடுவார்" என்ற பழைய அச்சம் பொய்யாகும்போது நம்பிக்கை மெல்லத் துளிர்க்கிறது. இது விரைவில் நடப்பதல்ல; எல்லோருக்கும் ஒரே அளவில் நடப்பதுமல்ல. முதலில் குடும்ப வைத்தியரிடம் கேட்கலாம்.

பெற்றோரால் ஆவதும் ஒன்றுண்டு. "அந்நாட்களில் உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை தம்மை நியாயப்படுத்தாமல் இருப்பது. பிள்ளைக்கு நாற்பது வயதானாலும் அக்கேள்விக்குக் காலம் கடந்துவிடவில்லை.