வாய்மையின் இருப்பிடம்

நாவால் பொய் சொல்லாதவரெல்லாம் வாய்மையுடையவர் ஆவரோ? எளிதாகத் தோன்றும் இவ்வினாவை, நம் இல்லத்து இளையோர் விரும்பிப் படிக்கும் கதைநூல் ஒன்று நம்முன் எழுப்பியது.

அமெரிக்க எழுத்தாளர் ஹாலி பிளாக் இயற்றி 2019ஆம் ஆண்டு வெளிவந்த 'தி விக்கெட் கிங்' என்பது அந்நூல். 2018இல் வந்த 'தி குரூயல் பிரின்ஸ்' என்னும் கதையின் தொடர்ச்சி அது. மேலைநாட்டார் ஃபேரி என வழங்கும் மாயக்குலத்தாரின் அரசவையே கதைக்களம். அக்குலத்தார் பொய் சொல்ல இயலாதவர்; ஆயினும் அவர்தம் அவையில் நிறைந்திருப்பது வஞ்சகமே. உண்மையில் பாதியைச் சொல்வர், மீதியை மறைப்பர், கேட்டவர் தவறாகப் பொருள் கொள்வதைக் கண்டு மகிழ்ந்திருப்பர். அவர்களிடையே வளர்ந்த மானிடப் பெண்ணாகிய ஜூட், பொய் சொல்ல வல்லவள். அரசுரிமையுள்ள சிறுவன் ஓக் வளர்ந்து ஆளாகும்வரை அரியணையைக் காக்கும் பொருட்டு, கார்டன் என்பானை அரசனாக்கி, ஓராண்டும் ஒரு நாளும் அவன் தன் ஏவல்படி நடக்குமாறு பிணித்து வைக்கிறாள். சூழ்ச்சி வென்றபின் நேர்வதையே தொடர்ச்சிக் கதை பேசுகிறது. சிறுவனுக்காகப் பற்றிய கடிவாளத்தை விட்டுவிட அவளுக்கே மனம் வரவில்லை. இறுதியில் அவளே ஏமாந்து, நாடு கடத்தப்படுகிறாள்.

இஃது அயலார் கற்பனை என்று நாம் ஒதுக்கிவிட வேண்டா. இதற்கு நிகரான அரண்மனைச் சூழ்ச்சி நம் மண்ணிலேயே நிகழ்ந்துள்ளது. சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பத்திற்கு வடக்கே சந்திரகிரிக் கோட்டை. தெற்கே வேலூர்க் கோட்டை. 'வெதுரு' என்னும் தெலுங்குச் சொல்லும் 'வெதிர்' என்னும் சங்கத் தமிழ்ச் சொல்லும் மூங்கிலையே குறிப்பன. இருமொழியும் உறவாடும் அந்நிலத்தை, விசயநகர மன்னன் வேங்கடபதி சந்திரகிரியிலும் பின்னர் வேலூரிலும் வீற்றிருந்து ஆண்டான்.

அவன் 1614இல் மறைந்தான். இறக்குமுன் தன் தமையன் மகன் ஸ்ரீரங்கனுக்கே முடியுரிமை அளித்தான். அரசியருள் ஒருத்தியோ, வேறொரு பெண் பெற்ற பிள்ளையைத் தான் பெற்றதாகக் காட்டி வளர்த்து வந்தாள். அவளுடைய உடன்பிறந்தானாகிய ஜக்கராயன், ஸ்ரீரங்கனைக் குடும்பத்தோடு சிறையிட்டு, அப்பிள்ளையை அரியணையில் ஏற்றினான். யாசம நாயக்கன் என்னும் படைத்தலைவன் மட்டும் அதற்கு உடன்படவில்லை. அவன் ஏற்பாட்டின்படி, அரண்மனைத் துணி வெளுக்கும் தொழிலாளி ஒருவர், ஸ்ரீரங்கனின் இளமகன் இராமனை அழுக்குத் துணி மூட்டைக்குள் மறைத்துக் காவலைக் கடந்தார். பராதாஸ் என்னும் போர்த்துகீசிய ஏசுசபைத் துறவி 1616இல் எழுதிய கடிதம் இதனை விரித்துரைக்கிறது. ஸ்ரீரங்கனும் குடும்பத்தாரும் சிறையிலேயே மாண்டனர். பின்னர்க் கல்லணைக்கு அருகில் நடந்த தோப்பூர்ப் போரில் ஜக்கராயன் வீழ்ந்தான், இராமன் முடிசூடினான்.

இங்கே இரு வஞ்சனைகளைக் காண்கிறோம். ஒரு பொய், மாற்றாள் குழந்தையை அரியணைக்கு ஏணியாக்கியது. மற்றொன்று, சாவின் வாயிலிருந்து ஒரு குழந்தையை மீட்டது. காவலரை ஏமாற்றியது என்னும் அளவில் மூட்டையும் பொய்யே. ஆயினும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நம் நெஞ்சம் ஒப்பவில்லை. ஏன்? அரசியின் பொய்க்கு விலை கொடுத்தவர் பிறர். மூட்டையைச் சுமந்தவரோ தம் உயிரையே பணயமாக வைத்தார். மீட்ட சிறுவனுக்கு உரிய முடியை யாசமன் தன் தலையில் சூடிக்கொள்ளவும் இல்லை. இந்த இடத்தில்தான் ஜூட் இடறுகிறாள்.

வள்ளுவர் தீமை பயவாத சொல்லையே வாய்மை என்றார். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்ம்மைக்கும் வாய்மையின் இடத்தை அளித்தார். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. தன் நெஞ்சறிந்து சொன்ன பொய், பின்னர் அந்நெஞ்சையே சுடும் என்றும் எச்சரித்தார். சலுகை தந்த கையாலேயே காவலும் வைத்தார்.

இக்காவல் அரசர்க்கு மட்டும் உரியதன்று. பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்து வாழும் நாம் நாள்தோறும் மாயக்குலத்தாராகவே பேசுகிறோம். ஊரில் முதியவர் நோயுற்றுக் கிடக்கையில், "மருத்துவரிடம் போய் வந்தோம்" என்கிறார்கள், அது பொய்யன்று. வேலையிழந்த மாதத்தில் "யாவரும் நலம்" என்கிறோம். உடல் நலத்தைப் பொறுத்தவரை அதுவும் பொய்யன்று. அன்பால் பிறந்த இந்த அரையுண்மைகள், உரிய நாளில் முழுமை பெறாமையால், பெற்றோரின் இறுதி முகத்தையும் காணாது போனவர் நம்மிடையே எத்தனை பேர்! மறைத்தவர் நம்மைக் காக்கவே மறைத்தனர். ஆயினும் விடைபெறும் உரிமை நமக்குரியது அன்றோ?

மூட்டைக்குள் வைத்த குழந்தையைக் கோட்டை வாயில் கடந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். கட்டியபடியே வைத்திருந்தால், காத்த மூட்டையே மூச்சை அடைத்துவிடும். அன்பின் பொருட்டு மறைத்த செய்தியும் அத்தகையதே. மறைக்கும்போதே, இதனை எந்நாள் அவிழ்ப்போம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அக்கேள்விக்கு விடை சொல்லத் துணியும் நெஞ்சமே வாய்மையின் இருப்பிடம்.