ஏரித் தொண்டும் வெட்டி ஊழியமும்

தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி ஏரிக்கரையில் மண் சுமந்த மக்களை நோக்கி, “வாருங்கள், ஏரியைக் காக்கச் சிரமதானம் செய்வோம்” என்று அழைப்பது அறமாகுமா? நம்முள் பலர் உள்ளத்தில் எழுந்தும் வாய்விட்டுச் சொல்லப்படாமல் நிற்கும் வினா இது. பெங்களூர் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏரிகளைத் துப்புரவு செய்யவும் மரம் நடவும் விடுமுறை நாட்களில் தொண்டர்கள் கூடுகின்றனர். நம் இளைஞருக்கும் அழைப்பு வருகின்றது. போகலாம் என்பார் சிலர். அந்தச் சேற்றிலிருந்து கரையேறவன்றோ பாபாசாகேப் நமக்கு வழிகாட்டினார், மீண்டும் அதிலே இறங்குவதா என்பார் வேறு சிலர். இரு சாராரும் கூறுவதில் பொருள் உண்டு. ஆதலின் இதனை ஆர அமர எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதற்கண் அவ்வூர் ஏரிகளின் இயல்பை அறிதல் நலம். பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமைந்த நகரம். வற்றாத ஆறு எதுவும் அதன் அருகே ஓடவில்லை. ஆகவே முன்னையோர் பெய்த மழையைப் பள்ளந்தோறும் கரையிட்டு நிறுத்தினர். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர், கன்னடத்தில் ராஜகாலுவே எனப்படும் பெருவாய்க்காலில் இறங்கி அடுத்த ஏரியை அடையும். அது நிரம்பினால் அதற்கடுத்ததை அடையும். ஹெப்பாள், கோரமங்கலம்–சல்லகட்டா, விருஷபாவதி என்னும் மூன்று பள்ளத்தாக்குகளிலும் ஏரிகள் இவ்வாறே மாலைபோல் கோக்கப்பட்டிருந்தன. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும், சார்பு கெடின் அதுவும் கெடும் என்று நாம் தம்மத்தில் பயில்கின்றோம். அதனை மண்ணிலே வரைந்து காட்டினாற் போன்ற அமைப்பு இது.

1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் நகருக்கு வந்தது. 1974-இல் காவிரி நீரும் வந்தது. குடிநீர் தொலைவிலிருந்து வரத் தொடங்கியதும் வீட்டருகே கிடந்த ஏரியின்மேல் எவர்க்கும் கண் இல்லாமற் போயிற்று. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. எஞ்சியவற்றுட் பல நகரின் கழிவுநீரைத் தாங்கும் குழிகளாயின. பெள்ளந்தூர் ஏரி 2015-ஆம் ஆண்டில் வெண்ணுரை பொங்கித் தெருவில் பறந்ததையும், அவ்வாண்டிலும் 2017, 2018-ஆம் ஆண்டுகளிலும் தீப்பற்றி எரிந்ததையும் நாடெல்லாம் அறியும். கயாசீசத்தில் பகவன் அருளிய தீயுரையைக் கேட்டுப் பழகிய நாம், ஏரி எரிந்தது என்னும் செய்தியையும் உவமையாகக் கொண்டு அமைந்துவிடலாகாது. அது மெய்யாகவே எரிந்தது.

இதனைச் சீர்செய்தல் எவ்வாறு? பலர் எண்ணுவதுபோலக் குப்பையைப் பொறுக்கிக் கரையை அழகுபடுத்துவதோடு அது முடிவதில்லை. நுரைக்கு மூலம் நாம் துணி வெளுக்கும் சோப்புத்தூளிலுள்ள வேதிப்பொருள்கள். அழுக்குநீரின் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்தால் ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடும், காற்றும் ஒளியும் உட்புகா, மீன் மடியும். அவ்வழுக்கை ஏரிக்குள் நுழையுமுன் தடுக்க வேண்டும். ஜக்கூர் ஏரியில் இதற்கு ஒரு முறை கையாளப்பட்டது. நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் நேரே ஏரியில் விழாமல், சம்பும் கோரையும் அடர்ந்த ஆழங்குறைந்த சதுப்பு நிலத்தின் ஊடாக மெல்லச் செல்லும். ஓட்டம் தணிவதால் வண்டல் படியும். வேர்களைப் பற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். செடிகள் சத்தை உறிஞ்சும். அச்செடிகளைக் காலந்தோறும் அறுத்து வெளியேற்றாவிடின் அவை அங்கேயே அழுகி, உறிஞ்சிய சத்தை மீண்டும் நீருக்கே தந்துவிடும் என்பதை மறத்தலாகாது. மற்றொன்றும் உண்டு. தூர் வாருகிறோம் என்று ஏரியை அண்டாவைப் போல ஒரே ஆழமாகத் தோண்டிச் சுற்றிலும் கல் பதித்துவிடுகின்றனர். கரையோரத்து ஆழமற்ற நீரில் நின்று இரைதேடும் நாரைக்கும் கொக்கிற்கும் அவ்வேரியில் இடமில்லை. ஆதலின் ஏரித் தொண்டு என்பது ஒரு நாள் உற்சாகத்தில் முடிவதன்று. கற்றுச் செய்யவேண்டிய நெடும்பணியாகும்.

இனி நம் வினாவுக்கு வருவோம்.

‘வெட்டி வேலை’ என்று இன்று நாம் பயனற்ற வேலையைச் சொல்கிறோம். அச்சொல்லின் பழம்பொருள் கூலியற்ற கட்டாய ஊழியம் என்பதாம்; சோழர் கல்வெட்டுகளிலேயே அது பயின்று வருகின்றது. பெற்றவன் பயன்படுத்திக்கொண்டான், செய்தவனுக்கு ஒன்றும் கிட்டவில்லை. அதனாற்றான் அச்சொல் பயனின்மையைக் குறிக்கலாயிற்று போலும்! குடிமராமத்து என்று பலர் பெருமையோடு பேசும் வழக்கத்தையும் இங்கே நோக்குக. ஊரார் கூடிக் கரையைக் காத்தனர் என்பது மெய்யே. ஆனால் சென்னை மாகாணத்தில் அவ்வுழைப்பை வாங்க 1858-இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அதன் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். விரும்பிச் செய்யும் ஒன்றுக்குத் தண்டனைச் சட்டம் எதற்கு?

தானம் என்னும் சொல்லைப் பகவன் எளிதில் வழங்கினாரல்லர். கொடுக்குமுன் உள்ளம் மகிழ வேண்டும், கொடுக்கும்போது தெளிந்திருக்க வேண்டும், கொடுத்தபின் நிறைவடைய வேண்டும் என்று மூன்று நிலையிலும் மனத்தையே அளவுகோலாக வைத்தார். சேதனையே கன்மம் என்பது அவர் கொள்கை. மறுக்க உரிமையற்றவன் கொடுப்பது தானமாகாது, அது பறிக்கப்பட்டது. ஆகவே நம் பாட்டன்மார் ஏரிக்குச் செய்ததைத் தொண்டு என்று இன்று எவரேனும் புகழ்வாராயின், அப்புகழ் நமக்கு வேண்டா.

அதனினும் கொடியது ஒன்று. கரையைக் காத்தவன் அந்நீரைத் தொடலாகாது என்றனர். மகாடு நகரின் சவதார் குளத்தை நினைக. பொதுநீர்நிலைகள் யாவர்க்கும் திறந்திருக்க வேண்டுமெனப் பம்பாய்ச் சட்டசபை 1923-இல் தீர்மானித்தது; மகாடு நகராட்சியும் 1924-இல் அதனை ஏற்றது. எனினும் 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் பாபாசாகேப் பல்லாயிரவரோடு சென்று அந்நீரை அள்ளிப் பருகும் வரையில் அத்தீர்மானம் ஏட்டிலேயே கிடந்தது. பின்னர் எதிர்ப்பாளர்கள் சாணமும் பசுவின் சிறுநீரும் முதலாயின கலந்த 108 குடங்களால் அக்குளத்தைத் ‘தூய்மை’ செய்தனர். நம் உரிமையை உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 ஆயிற்று. சாணம் கரைத்தவர் தூயர், தாகத்தோடு கை நனைத்தவர் தீட்டினர் என்ற அக்கணக்கை வைத்துப் பார்த்தால், நீரின் தூய்மை பற்றி நமக்கு உபதேசிக்க வருவோர் சற்று நாணத்தோடு வருதல் தகும்.

இவ்வளவும் கூறியபின், போகவேண்டா என்பதே முடிவு எனத் தோன்றலாம். யான் அவ்வாறு கருதவில்லை. சங்கத்தின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகின்றது.

சுனிதர் தெருக் கூட்டிப் பிழைத்தவர். பகவன் அவரைப் பிக்குவாக்கினார். அதன்பின் ஆராமத்தின் தரையைக் கூட்டியவர் யார்? சுனிதர் மட்டும் அல்லர்; சாக்கிய குலத்து இளவரசராய் இருந்து வந்தவரும் கூட்டினர். விநயம் துடைப்பத்தை ஒழிக்கவில்லை. எல்லாப் பிக்குகளின் கையிலும் அதைக் கொடுத்தது. உபாலியின் வரலாறு இன்னும் நுட்பமானது. அவர் அவ்விளவரசர்களுக்கு முடிதிருத்தியவர். அவர்களே முன்வந்து, எங்கள் செருக்கு அடங்கும்பொருட்டு எங்களுக்கு முன் இவருக்குத் துறவு தருக என்று பகவனை வேண்டினர். உபாலி மூத்தவரானார், இளவரசர் அவரை வணங்கினர். விநயத்தை அறிந்தாருள் தலைசிறந்தவர் என்ற பெயரும் அவர்க்கே உரியதாயிற்று. இழிவு தொழிலில் இல்லை, அதனைப் பிறப்பின்படி பங்கிட்டதில் இருந்தது என்பதைச் சங்கம் சொல்லால் மட்டுமன்றி முறை வைத்தும் நிலைநாட்டியது.

இம்முறையை ஏரிக்கரையில் வைத்துப் பார்ப்போம். மைசூர் நாட்டு ஊர்களில் நீர்கண்டி என்றோர் ஊழியர் இருந்தார். நம் பக்கத்தில் நீர்க்கட்டி என்போம். பெரும்பாலும் நம் மக்களே அவ்வேலையைச் செய்தனர். எந்த நாளில் மதகைத் திறப்பது, எந்த வயலுக்கு எத்துணை நேரம் விடுவது, கரையில் நண்டு துளைத்த இடம் எது, கலங்கலில் எவ்வளவு நீர் வந்தால் கீழூருக்குச் செய்தி அனுப்புவது என்பதெல்லாம் அவர் நெஞ்சில் இருந்தன. 1961-ஆம் ஆண்டின் மைசூர்ச் சட்டம் பரம்பரைக் கிராமப் பணிகளை ஒழித்தது. ஒழித்தது நன்றே, பரம்பரை என்பது விலங்கு. ஆனால் விலங்கைக் கழற்றியவர்கள் அக்கையில் இருந்த அறிவைக் கேட்டு எழுதி வைக்கவில்லை. அவ்வறிவு பெரும்பாலும் முதியவர்களோடு மறைந்து வருகின்றது. ஏரிக்கல்வி என்று இன்று நடைபெறும் வகுப்புகளில் நீர்ச்சோதனைக் கருவியும் பறவைப் படமும் காட்டுகின்றனர், நல்லதே. நீர்கண்டியின் குடியில் பிறந்த முதியவரை அங்கே குழி வெட்ட அழைப்பதும் உண்டு. ஆசிரியராக அழைப்பது அரிது. உபாலிக்கு முதலிடம் தந்த மார்க்கத்தார் நாம். இவ்வொன்றைத் தயங்காமல் கேட்கலாம்.

ஏரியைச் சீர்செய்து முடித்ததும் கம்பிவேலி வருகின்றது. உலாவுவோர்க்கு நடைபாதையும் திறக்கும் நேரமும் குறிக்கப்படுகின்றன. புல்லறுத்து மாடு வளர்த்தவள், மீன்பிடித்தவன், துணி வெளுத்தவன் ஆகியோர் வெளியே நிற்கின்றனர். எல்லா இடத்திலும் இவ்வாறில்லை. ஜக்கூரில் மீனவரும் புல்லறுப்பாரும் ஏரியோடு தொடர்பற்றுப் போகவில்லை. அதனால் செடியறுக்கும் வேலையும் நடக்கின்றது. வேலிக்கு வெளியே நிற்பவரின் உழைப்பை உள்ளே வாங்குவது எவ்வளவு இனிய பெயரால் நடந்தாலும் வெட்டியே.

மற்றொரு செய்தியில் விட்டுக்கொடுத்தற்கு இடமில்லை. ஏரிக்கு வரும் சாக்கடையிலோ அதன் ஆள்நுழைவுக் குழியிலோ எவரையும் இறக்கலாகாது. கையால் மலம் அள்ளுவதையும், காப்புச் சாதனமின்றிச் சாக்கடையில் ஆளை இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாக்கடையில் மாண்டவர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் என உச்சநீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்து, 2023-இல் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர வேண்டியிருந்தது என்பதே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. தொண்டர் கையுறை அணிந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போனபின், திங்கட்கிழமை அதே வாய்க்காலில் வெறுங்கையோடு ஒருவர் இறங்குவாராயின், அந்த ஞாயிற்றுக்கிழமைத் தொண்டினால் ஏரிக்கும் பயனில்லை, தொண்டர்க்கும் புண்ணியமில்லை.

உரிமை முழுதும் கிட்டும் வரையில் நாம் விலகி நிற்கலாமே என்று கேட்பர். நீர் அதுவரை காத்திராது. பெள்ளந்தூரில் தேங்கியது வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும் செல்கின்றது. ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையில் அந்நுரை மிதப்பதைக் கண்டிருக்கின்றனர். அப்பால் கிருட்டினகிரி, சாத்தனூர், கடைசியில் கடலூர். நம்முள் பலருடைய பாட்டன்மார் பிழைப்புத் தேடிப் புறப்பட்டுவந்த சேலம், ஆற்காட்டுச் சீமைகள் அவ்வாற்றின் கரையில் உள்ளன. நம் வீட்டுச் சலவைநீர் நம் உறவினர் வயலுக்குப் போகின்றது. உரோகிணி ஆற்றுநீருக்காகச் சாக்கியரும் கோலியரும் படை திரட்டியபோது, நீரின் விலை என்ன, மனித உயிரின் விலை என்ன என்று பகவன் வினவி அவர்களைத் தடுத்தார் என்பது பழைய உரை. பாபாசாகேப் தம் நூலில், சித்தார்த்தர் இல்லம் துறந்ததற்கே இவ்வாற்றுச் சண்டையைக் காரணமாக வைத்தார். நீரில் மலசலம் கழிப்பதும் உமிழ்வதும் பிக்குவுக்கு ஆகாது என்று விநயம் விதித்தது. கீழே ஒருவன் அந்நீரை அள்ளுவான் என்ற நினைவு நமக்கும் வேண்டும்.

ஆகவே நம் சங்கத்து இளைஞர் செல்லட்டும். மேற்கூறிய முறையைக் கேட்டுக்கொண்டு செல்லட்டும். மண் சுமப்பதும் பேசுவதும் கணக்கு எழுதுவதும் எல்லார்க்கும் சுழற்சியாக வரவேண்டும்; ஏரிக் குழுவில் நம்மவரும், புல்லறுக்கும் பெண்களும் அமர வேண்டும். இவை மறுக்கப்படுமாயின் வணக்கம் கூறித் திரும்புவதற்கும் நமக்கு உரிமை உண்டு. நம் பாட்டனுக்கு இல்லாதிருந்தது அவ்வுரிமையே.

கைகொண்டரஹள்ளி ஏரியை ஒட்டி ஓர் அரசுப் பள்ளி உள்ளது. இத்தகைய பள்ளிகள் வேறு ஏரிகளின் அருகிலும் உள்ளன. தென்மேற்குப் பருவமழை ஜூன் திங்களில் தொடங்குமுன், நம் சங்கத்தார் இருவர் ஒரு பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியரைக் காணலாம். மதகுக் கல்லில் அளவுக்கோடு வரைந்து, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தையும் நிறத்தையும் நாற்றத்தையும் வந்த பறவைகளையும் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் செய்யலாம். முதல் வகுப்பை அவ்வூர் நீர்கண்டிக் குடும்பத்து முதியவர் ஒருவர், நாற்காலியில் அமர்ந்து நடத்தட்டும். அவர் சொல்வதைப் பிள்ளைகள் கன்னடத்திலும் தமிழிலும் எழுதிக்கொள்வர்.