ஆனந்தபைரவியும் அரை மாத்திரையும்

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு போனில் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, தினம் காலையில அரை மணி நேரம் ஆனந்தபைரவி கேக்குறேன். பி.பி. நல்லா எறங்கியிருக்கு. மாத்திரையைப் பாதியாக்கிட்டேன்."

நான் அப்போது அலுவலகத்தில் இருந்தேன். அடுத்த மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் இருந்தது. "டாக்டர்கிட்ட கேட்டீங்களா பெரியப்பா?" என்றேன். "அவங்களுக்கு மாத்திரை எழுதத்தான் தெரியும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "சரி, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பு இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

பெரியப்பா ஏமாளி இல்லை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சப்ளை நின்றுவிட்டதா என்று இரண்டு முறை சரிபார்க்காமல் எந்தக் கம்பத்திலும் ஆளை ஏற்றமாட்டார் என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். சின்ன வயதில் ஊர் பஜனை மடத்தில் பாடியவர். மயிலாடுதுறையைச் சுற்றி எங்கே நாகஸ்வரக் கச்சேரி நடந்தாலும் சைக்கிள் மிதித்துப் போய் உட்கார்ந்துவிடுவார். இசையை உள்ளுக்குள் அறிந்தவர் என்பதால்தான் அந்த வாட்ஸப் பட்டியலை அவரால் நம்ப முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன். இந்த நோய்க்கு இந்த ராகம் என்று முப்பது வரிகள். இசை தெரியாத நான் படிக்காமலே அழித்திருப்பேன். அவருக்கோ அது ஏற்கெனவே தெரிந்த உண்மைக்குக் கிடைத்த சான்றிதழ் மாதிரி இருந்தது.

அரை மாத்திரைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எழுபத்தொரு வயது, சர்க்கரை வேறு இருந்தது. ஆனால் கட்டுப்படாத ரத்த அழுத்தம் பக்கவாதத்தின் முக்கியமான காரணங்களில் ஒன்று. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன்.

*

இசை நோயைக் குணப்படுத்துமா என்ற கேள்வி நேற்று வாட்ஸப்பில் பிறந்ததில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் இருந்த சார்ங்கதேவர் 'சங்கீத ரத்னாகரம்' எழுதினார். இந்திய இசையியலின் மூல நூல்களில் ஒன்று அது. காஷ்மீரத்திலிருந்து தக்காணத்துக்கு வந்த வைத்தியக் குடும்பம் அவருடையது. அவரே அரசவையில் கணக்குப் பொறுப்பில் இருந்தவர். ஒரு கணக்கதிகாரி இசை நூல் எழுதினார் என்பது என்னைப் போன்ற ஐடி ஆட்களுக்குக் கொஞ்சம் ஆறுதலான தகவல். அவருடைய நூல் நேராக ராகத்தில் தொடங்குவதில்லை. முதல் அத்தியாயத்தில் உடல் எப்படி உருவாகிறது, கரு எப்படி வளர்கிறது என்று நீண்ட விளக்கம் வருகிறது. ஆன்மா மனத்தைத் தூண்ட, மனம் உடலின் அக்னியைத் தட்ட, அக்னி காற்றைக் கிளப்ப, காற்று நாபி, இதயம், தொண்டை, தலை, வாய் என்று பயணித்து நாதமாகிறது என்கிறார். நாதத்துக்கும் நாடிக்கும் ஒரே வீடு, அது உடம்பு.

கதைகளுக்கும் குறைவில்லை. தான்சேன் தீபக் ராகம் பாடி விளக்கேற்றினார், அந்தச் சூட்டில் வெந்த அவர் உடம்பை மேக மல்ஹார் குளிர்வித்தது என்பது வடக்கின் கதை. தியாகராஜர் பிலஹரி பாடி இறந்தவரை எழுப்பினார் என்பது நம் பக்கத்துக் கதை. அப்பரின் சூலை நோய் தீர்ந்ததும், சம்பந்தர் பாடிப் பாண்டியனின் வெப்பு நோய் தணிந்ததும் பெரியபுராணத்தில் இருக்கின்றன. நம் காலத்திலும் குன்னக்குடி வைத்தியநாதன் போன்ற பெரிய கலைஞர் ராக சிகிச்சை ஆராய்ச்சியில் தீவிரமாக இருந்தார். அதனால் இது முட்டாள்களின் கேள்வி இல்லை. ஆனால் கதை சொல்வது வேறு, மருந்துச் சீட்டு எழுதுவது வேறு. நம் தலைமுறை முதலாவதை இரண்டாவதாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

*

யூடியூபில் '528 ஹெர்ட்ஸ் குணப்படுத்தும் இசை' என்று தேடிப் பாருங்கள். பின்னால் தம்புரா, முன்னால் ஓங்காரம், திரையில் நீல நிறத்தில் ஒரு மண்டலம். எண்ணோடு வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு இதில் ஒரு சின்ன விஷயம் இடிக்கும். ஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. விநாடி எங்கிருந்து வந்தது? நாளை 24 ஆகவும், அதை 60 ஆகவும், மறுபடி 60 ஆகவும் மனிதர்கள் பிரித்துவைத்த ஏற்பாடு. வேறு மாதிரி பிரித்திருந்தால் அதே ஒலிக்கு வேறு எண் கிடைத்திருக்கும். ஒலி மாறியிருக்காது. அப்படியென்றால் 528 என்ற எண்ணில் எந்த மந்திரமும் இருக்க முடியாது.

அதைவிட முக்கியம், நம் இசையே இந்தக் கணக்கை ஏற்காது. ஒருவர் ஒரு கட்டை சுருதியில் பாடுவார், இன்னொருவர் ஐந்து கட்டையில் பாடுவார். இருவர் பாடுவதும் ஆனந்தபைரவிதான். அது எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்டால் பதில் கிடையாது. ஸட்ஜம் எங்கே என்பதைப் பாடுபவரின் தொண்டை முடிவு செய்கிறது. மற்ற ஸ்வரங்கள் அதற்கு என்ன உறவு, எந்த ஸ்வரம் எப்படி அசைகிறது, எந்தப் பிடி எங்கே வருகிறது என்பதுதான் ராகம். உறவாக இருப்பதை எண்ணாக மாற்றிக் குப்பியில் அடைப்பது நம் மரபைப் புகழ்வதுபோலத் தெரியலாம். உண்மையில் அது மரபைப் படிக்காததன் அடையாளம்.

சரி, பெரியப்பாவுக்கு பி.பி. நிஜமாகவே இறங்கியதே? இறங்கியிருக்கலாம். நிரலில் ஒரே நேரத்தில் மூன்று இடத்தைத் திருத்திவிட்டுப் பிழை போய்விட்டது என்றால், எது சரிசெய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. காலையில் அரை மணி நேரம் அசையாமல் சாய்ந்திருந்தார், மெதுவாக மூச்சு விட்டார், பிடித்ததைக் கேட்டார். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. ஆரோக்கியமான 23 பேரை லத்தீன் மொழியில் மரியன்னை ஜெபமாலையும், 'ஓம் மணி பத்மே' மந்திரமும் சொல்லவைத்துப் பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கு மெதுவானது. இதயத்தின் தாளமும் அதனோடு இசைந்தது. ரோமும் திபெத்தும் ஒரே மூச்சில் சந்தித்த இடம் என்று எனக்குத் தோன்றியது. மந்திரத்தின் மதிப்பு இதனால் எனக்குக் குறையவில்லை. ஆனால் மெதுவான மூச்சு, மாத்திரையைப் பாதியாக வெட்டுவதற்கு அனுமதி இல்லை.

இன்னொரு ஆய்வு, 2015இல் லான்செட்டில் வந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இசை உதவுகிறதா என்று பார்த்த 73 சோதனைகளை, ஏறக்குறைய ஏழாயிரம் நோயாளிகளின் விவரங்களை, ஒன்றாகத் தொகுத்திருந்தார்கள். இசை கேட்டவர்களுக்கு வலி குறைந்தது, பதற்றம் குறைந்தது, வலி நிவாரணி குறைவாகவே தேவைப்பட்டது. எந்த வகை இசை என்பதால் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களின் எண்ணிக்கையும் குறையவில்லை.

கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். நாள் குறையவில்லை. ஆனால் அதே நாட்களைத் தாங்குவது சுலபமாக இருந்தது. இது சின்ன விஷயமா? படுக்கையில் கிடந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

*

பக்கவாதம் பெரியப்பாவின் மூளையில் இடப்பக்கத்தைத் தாக்கியிருந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. சொன்னால் புரிந்துகொள்வார், பதில் சொல்ல வார்த்தை வராது. நான்காவது வாரம் நான் பார்க்கப் போனபோது இடது கையால் தன் போனை எடுத்துக் காட்டினார். அந்த ராகப் பட்டியல். பிறகு தன் நெஞ்சைத் தட்டி, மிகவும் சிரமப்பட்டு, "நா... தப்பு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மாத்திரையைக் குறைத்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பெரியம்மாதான் வெளியே கூட்டிவந்து சொன்னார். "கல்யாணத்துக்குப் போயிருந்தோம்ல, நாலு நாள் பாட்டு கேக்கல. அதான் இப்படி ஆயிடுச்சுன்னு நெனைக்கிறாருடா. ஒழுங்கா செய்யலையாம்."

இசை குணப்படுத்தும் என்று வாக்குக் கொடுப்பதில் உள்ள அநீதி எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பொய்யான நம்பிக்கையால் என்ன கெட்டுவிடப்போகிறது, நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்பது நம் ஊரில் நாகரிகமான நிலைப்பாடு. நானும் அன்று போனில் அதைத்தான் செய்தேன். ஆனால் வாக்குப் பொய்த்த நாளில் கணக்கு யார் பெயரில் எழுதப்படுகிறது? பட்டியலை அனுப்பியவர் பெயரில் இல்லை, ராகத்தின் பெயரிலும் இல்லை. சரியாகக் கேட்கவில்லை, பக்தி போதவில்லை, நாலு நாள் விட்டுவிட்டாய் என்று நோயாளியின் பெயரில்தான் எழுதப்படுகிறது. மாத்திரை பலிக்காவிட்டால் மாத்திரையைக் குறை சொல்லலாம். புனிதமான மருந்து பலிக்காவிட்டால் குற்றவாளி ஒருவர்தான், நோயில் கிடப்பவர். உடம்பு விழுந்தது போதாதென்று பாவமும் அவர் தலையில் ஏறுகிறது.

அப்படியானால் அந்தப் பழைய கதைகளை என்ன செய்வது? தூக்கிப்போட எனக்கு மனமில்லை. முத்துசாமி தீட்சிதரின் நவக்கிரக கிருதிகள் பிறந்த கதையை எடுத்துக்கொள்வோம். அவருடைய சீடர் தம்பியப்பன், சுத்த மத்தளம் வாசித்தவர். தீராத வயிற்றுவலி. ஜாதகத்தில் குரு சரியில்லை என்றார்கள். முறைப்படி நவக்கிரக ஜபம் செய்ய அன்றைய வழக்கம் அவருக்கு இடம் தரவில்லை. தீட்சிதர் அடாணாவில் பிருகஸ்பதியின் மேல் ஒரு கிருதி செய்து அவருக்குக் கற்றுக்கொடுத்தார், பாடப்பாட வலி தீர்ந்தது என்கிறது கதை. வலி தீர்ந்ததா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. மந்திரத்தின் கதவு மூடியிருந்த ஒருவருக்கு ஆசிரியர் ஒரு பாட்டைச் செய்து, வரி வரியாகப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வலியோடு தனியாக விடவில்லை. கதையில் நான் நம்புகிற பகுதி அதுதான்.

இதைவிடப் பழைய காட்சி ஒன்று புறநானூற்றின் 281ஆம் பாட்டில் இருக்கிறது. போரில் புண்பட்டவன் வீட்டில் கிடக்கிறான். பெண்கள் வீட்டில் வேம்பு செருகுகிறார்கள், ஐயவி தூவுகிறார்கள், யாழ் ஒலிக்கிறது, காஞ்சி பாடுகிறார்கள். அந்தப் புண்ணைக் காப்போம், வா தோழி என்று ஒருத்தி கூப்பிடுகிறாள். மலைபடுகடாம் சொல்லும் மலையின் பல ஒலிகளுக்கு நடுவிலும், புலி பாய்ந்து கிழித்த கணவனின் நெடும்புண் தணியக் காப்பாகக் கொடிச்சியர் பாடும் பாட்டு கேட்கிறது. இரண்டு இடத்திலும் பாட்டின் வேலை காத்தல். புண் ஆறுகிற வரைக்கும், ஒருவேளை ஆறாமலே போனாலும், பேய் அண்டாமல் பக்கத்தில் விழித்திருப்பது. அந்தப் பேய் எது என்று இன்று யோசித்தால் எனக்குப் பயம், தனிமை, 'என்னாலதான்' என்ற எண்ணம் ஆகியவைதான் தோன்றுகின்றன.

தமிழில் புண் ஆறுகிறது, காபி ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, மனசும் ஆறுகிறது. எல்லாம் தானாக நடப்பவை. அதற்கு நேரம் வேண்டும், கூட ஆள் வேண்டும்.

*

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், பெரியப்பா சின்ன வயதில் என்ன பாடுவார் என்று கேட்டார். பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கும் என்றார். பேச்சுக்கான பகுதிகள் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் இருக்கின்றன, மெட்டில் வலப்பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1973இல் பாஸ்டன் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தி ஒரு முறையை உருவாக்கினார்கள். சின்னச் சின்ன வாக்கியங்களை ஏற்றி இறக்கிப் பாடவைத்து, இடது கையால் தாளம் தட்டவைத்து, பேச்சை மெல்லத் திரும்பக் கொண்டுவருவது.

பெரியம்மா பஜனை மடத்துப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் பெரியப்பாவின் குரல் சேர்ந்துகொண்டது. வார்த்தையோடு. நாங்கள் யாரும் பேசவில்லை.

இதைச் சொன்னதும் "பாத்தியா, கடைசில இசைதான் குணப்படுத்துச்சு" என்று ஒரு நண்பன் சொன்னான். இல்லை. வலது கை இன்னும் சரியாகவில்லை. ஐந்து மாதத்தில் இருபது முப்பது சின்ன வாக்கியங்கள் வந்திருக்கின்றன. அதுவும் அந்தப் பெண்ணின் பொறுமையாலும், பெரியம்மாவின் பிடிவாதத்தாலும், தினசரிப் பயிற்சியாலும். பாட்டு அவர்களுக்கு நடுவில் ஒரு கைப்பிடிபோல இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். மீட்டிங் எதுவும் இல்லாத நேரம். பின்னால் ஆனந்தபைரவி ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. நான் முதலில் கேட்பது, "மாத்திரை போட்டீங்களா பெரியப்பா?" அவர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வார். இடது கை கட்டிலில் தாளம் தட்டுவது போனில் கேட்கும். பிறகு கொஞ்சம் இழுத்து, கிட்டத்தட்ட பாடுகிற மாதிரி, "முழுசா... போட்டேன்" என்பார்.