பிள்ளைகளோடு ஒரு நாள்

 



பள்ளிக்கூடத்திற்கு லீவு விட்டுவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "அத்தா, எங்காவது கூட்டிக்கொண்டு போங்கள். காடு பார்க்க வேண்டும், யானை பார்க்க வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அத்தா சில சமயம் வீண் செலவு என்பார். சில சமயம் மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்று மார்க்கத்தின் மேல் பாரத்தைப் போட்டுத் தப்பித்துக்கொள்வார். உண்மையில் இடம் இல்லையா? திருமறையைத் திறந்து பார்ப்போம்.

சூரத்து யூசுஃபை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். யஃகூப் (அலை) அவர்களிடம் பிள்ளைகள் வந்து, தம்பி யூசுஃபை நாளைக்கு எங்களோடு அனுப்புங்கள், அவர் நன்றாகச் சாப்பிட்டு விளையாடிவிட்டு வரட்டும், நாங்கள் அவரைப் பாதுகாத்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். கேட்டவர்களின் உள்ளத்தில் இருந்தது வஞ்சகம். அது வேறு விஷயம். அந்த நபி சொன்ன பதிலைத்தான் நாம் கவனிக்க வேண்டும். விளையாட்டு கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. காட்டுவெளிக்குப் போகக்கூடாது என்றும் சொல்லவில்லை. நீங்கள் கவனமில்லாமல் இருக்கும்போது ஓநாய் அவரைத் தின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்ற கருத்தில்தான் பதில் சொன்னார்கள்.

அந்தத் தகப்பனார் அஞ்சியது விளையாட்டை அல்ல, கவனமின்மையை. அரபியில் அதற்கு 'கஃப்லத்' என்று பெயர். ஆகுமான விளையாட்டு ஆகுமானதே. அதில் கஃப்லத் நுழையும்போதுதான் கேடு வருகிறது. பிள்ளைகளோடு காட்டுக்குப் போகத் திட்டமிடும் குடும்பத்திற்கு இந்த ஒரு சொல்லே போதுமான வழிகாட்டி.

எந்த ஓநாய்?

நம் திருப்பூர் வட்டாரத்து வாழ்க்கையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று பனியன் கம்பெனிக்குள் போனவர் ஒன்றரை ஷிப்டு முடித்துத்தான் வீடு திரும்புகிறார். ஷிப்மெண்ட் நெருங்கினால் இரவும் பகலும் ஒன்றாகிவிடும். அவர் கிளம்பும்போது பிள்ளை தூங்குகிறது. திரும்பி வரும்போதும் தூங்குகிறது. சில வீடுகளில் தாயும் வேலைக்குப் போகிறாள். அல்லது வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலை பார்க்கிறாள். யாருக்காக இவ்வளவு பாடு என்று கேட்டால், எல்லாம் பிள்ளைகளுக்காக என்பார்கள். அது உண்மைதான். ஹலாலான சம்பாத்தியத்துக்காகப் படும் பாட்டுக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு.

ஆனால் பிள்ளை தேடுவது சம்பளக் கவரை மட்டுமல்ல. கவரைக் கொண்டுவரும் அத்தாவையும் தேடுகிறது. அத்தாவின் முகத்தைப் பார்க்காமல் வளரும் பிள்ளைக்கு வேறு யாரோ தோழர் ஆகிவிடுகிறார். செல்போன் தோழர் ஆகிறது. தெருமுனை தோழர் ஆகிறது. பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை நம்மைக் கேட்காமல் ஒரு பாதையில் போகும்போது, "இவனுக்கு என்ன குறை வைத்தேன்?" என்று கதறுகிறோம். குறை வைத்தது பணத்தில் அல்ல சகோதரர்களே! கவனத்தில் வைத்தோம்.

உடலுக்கு உரிமை உண்டு, கண்ணுக்கு உரிமை உண்டு, மனைவிக்கு உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். யாரிடம் தெரியுமா? பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்த இளைஞரான ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம்! வணக்கத்திலேயே முழுநேரமும் மூழ்கியவருக்கு இந்த அறிவுரை என்றால், தையல் மெஷினில் முழுநேரமும் மூழ்கியிருக்கும் நமக்கு எவ்வளவு தேவை!

நாயகம் போன ஓடைகள்

வெளியூர் வெட்டவெளிக்குப் போவதைப் பற்றி ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் நீரோடைகள் உள்ள இடங்களுக்குப் போவதுண்டு என்று கூறியதாக அபூதாவூதில் வருகிறது. அப்படி ஒருமுறை புறப்படும்போது ஆயிஷா நாயகிக்கு இன்னும் பழக்கப்படாத ஒரு ஒட்டகத்தைக் கொடுத்து, அதனிடம் மென்மையாக நடந்துகொள்ளும்படி சொன்னார்கள். இன்னொரு பயணத்தில், தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு நாயகம் (ஸல்) அவர்கள் மனைவியோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அதில் மகிழ்ச்சியும் இருந்தது, மறைவும் இருந்தது. இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு மார்க்கத்தில் இடமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

எங்கே போவது?

நம் ஊர்க்காரர்கள் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய காடு ஆனைமலைக் காடு. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மலையேறினால் டாப்சிலிப். அந்தக் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டதால் அந்தப் பெயர் வந்தது. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் வெட்டி வெட்டிக் காடே மொட்டையாகி வந்த காலத்தில், ஹ்யூகோ வுட் என்ற ஆங்கிலேய வன அதிகாரி அங்கே வந்தார். வெட்டிய இடத்தில் மறுபடியும் தேக்கை வளர்த்தார். கைத்தடியால் மண்ணில் குழியிட்டு விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் சொல்வார்கள். 1933-ல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அந்தத் தேக்குகளின் நடுவில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையை இன்றும் பார்க்கலாம்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, மரம் நடுவதில் நாம் அல்லவா முந்தியிருக்க வேண்டும்? அந்தத் தேக்கு நிழலில் பிள்ளைகளை உட்காரவைத்து இந்த ஹதீஸைச் சொல்லுங்கள். மதரஸாவில் நூறு முறை சொன்னாலும் பதியாதது அங்கே ஒரே முறையில் பதியும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோழிகமுத்தி யானை முகாம். மலசர் போன்ற மலைவாழ் மக்கள் அங்கே பாகன்களாக இருக்கிறார்கள். அங்கிருந்த கலீம் என்ற கும்கி யானை 60 வயதில், 2023 மார்ச்சில், பணி ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் அதற்கு மரியாதை செலுத்தினார்கள். அளவுக்கு மீறி வேலை வாங்கப்பட்டு, பட்டினி போடப்பட்டுக் கண்ணீர் விட்ட ஒட்டகத்தைத் தம் கையால் தடவிக்கொடுத்து, அதன் சொந்தக்காரரை அழைத்துக் கண்டித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். முதலாளிமார்களும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். தன் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குக் கூட்டிப்போகும் முதலாளி, அதே ஞாயிற்றுக்கிழமை தொழிலாளியைக் கட்டாயப்படுத்தி மெஷினில் உட்கார வைத்தால், அந்தத் தொழிலாளியின் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஈமான் நிறைவு பெறாது என்பது ஹதீஸ்.

அவ்வளவு தூரம் போக வசதியில்லை என்றால் வருந்த வேண்டாம். நம் ஊர் ஓரத்திலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது. பறவைகள் சரணாலயமான அந்தக் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. டவுன் பஸ் செலவும், ஒரு தூக்குச் சோறும் போதும். நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரலாறு நமக்குத் தெரியும். தண்ணீர் ஓர் அமானிதம் என்பதை நீர்ப்பறவைகளைக் காட்டிச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் உண்டா? எந்த இடத்துக்குப் போனாலும் கடன் வாங்கிப் போகாதீர்கள். வட்டிக்கு வாங்குவதை நினைக்கவே வேண்டாம்.

புறப்படும் முன்

முதலாவது நிய்யத். குடும்பத்தாரின் உரிமையை நிறைவேற்றவும், அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு படிப்பினை பெறவும் போகிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். போகும் செலவும் கூலிக்குரியதாகிவிடும்.

இரண்டாவது விசாரணை. கோடையில் காட்டுத்தீ பயத்தால் வனத்துறை காட்டை மூடிவிடுவது உண்டு. மாலைக்கு மேல் மலைப்பாதையில் விடமாட்டார்கள். ஆகையால் நேரத்தையும் அனுமதியையும் முன்கூட்டியே கேட்டறிந்து, சுபுஹு தொழுததும் கிளம்பிவிடுங்கள்.

மூன்றாவது தொழுகை. ஹனஃபி மத்ஹபில் 48 மைல், அதாவது ஏறக்குறைய 77 கிலோமீட்டர் போவதாக இருந்தால் ஊர் எல்லையைத் தாண்டியதிலிருந்து கஸ்ர் உண்டு. திருப்பூரிலிருந்து டாப்சிலிப் போகிறவர் ளுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்தாகத் தொழ வேண்டும். வழியில் உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் நான்கையும் முழுமையாகத் தொழ வேண்டும். உடுமலைப்பேட்டையிலிருந்து போகிறவருக்கு அந்தத் தூரம் வராது. அவர் முழுமையாகவே தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபினர் தங்களுக்குரிய தூரத்தையும், இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் சட்டத்தையும் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளவும். ஒளுவுக்கு வீட்டிலிருந்தே ஒரு கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கு மரத்தடியில் அத்தா இமாமாக நிற்க, பிள்ளைகள் பின்னால் நிற்க, அதற்குப் பின்னால் தாய் நின்று தொழும் ஒரு ஜமாஅத், அந்தப் பிள்ளைகளின் ஆயுள் முழுதும் மறக்குமா?

நான்காவது வீட்டுப் பெண்கள். ஆண்களுக்கு அது உல்லாச நாள். பெண்களுக்கோ விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பிரியாணி ஆக்கும் நாள்! போன இடத்திலும் பரிமாறுவது அவர்கள், பாத்திரம் கழுவுவது அவர்கள். வீட்டில் இருந்தால் குடும்பத்தாரின் வேலைகளைச் செய்துகொடுப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் யாரைப் பற்றிச் சொன்னார்களோ அவர்களுடைய உம்மத் நாம். அன்றைக்கு எளிய சாப்பாடு போதும். பரிமாறுவதும் கழுவுவதும் ஆண்கள் கையில் இருக்கட்டும். உம்மாவும் நன்னியும் ஒரு நாளாவது உட்கார்ந்து சாப்பிடட்டும். கூட்டம் குறைவான நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தால் அவர்களும் கூச்சமின்றி நடந்து மகிழ்வார்கள்.

போன இடத்தில்

இப்போது யூசுஃப் நபியின் சகோதரர்கள் மாலையில் அழுதுகொண்டு வந்து சொன்ன சாக்கை நினைத்துப் பாருங்கள். நாங்கள் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தோம், யூசுஃபை எங்கள் சாமான்களுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டோம், ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள். அவர்கள் சொன்னது பொய். ஆனால் நம்மில் எத்தனை பேர் அந்தப் பொய்யை நிஜமாகவே செய்கிறோம்! சின்னப் பிள்ளையைப் பைகளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் பந்து விளையாடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், செல்போனில் மூழ்குகிறார்கள். 2023 அக்டோபரில் வால்பாறை அருகே ஆற்றில் இறங்கிய கல்லூரி மாணவர்கள் 5 பேர் மூழ்கி இறந்தார்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கே அப்படி என்றால் குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். மலையாறு மேலே அமைதியாகத் தெரியும். உள்ளே சுழலும் வழுக்குப் பாறையும் இருக்கும். இறங்கக்கூடாது என்று பலகை வைத்த இடத்தில் இறங்காதீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே பெரியவர்களில் ஒருவரை முறை வைத்து நியமியுங்கள். அவர் கையில் போன் இருக்கக்கூடாது.

காட்டில் நாம் விருந்தாளிகள். ஒரு பயணத்தில் தோழர்கள் சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்ததைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். ஆகவே மானை விரட்டுவதும், குரங்குக்குத் தீனி போடுவதும், சத்தம் போடுவதும் வேண்டாம். நீர்த்துறையிலும், வழியிலும், நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்று எச்சரித்திருக்கிறார்கள். சோற்று வாசனையோடு எறியும் பிளாஸ்டிக் பையை யானையும் மானும் தின்றுவிடும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையும் இருக்கிறது. கொண்டுபோன குப்பையை ஒரு சாக்கில் கட்டி வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஒன்று. வண்டியில் ஓர் இடம் மிச்சமிருந்தால், தகப்பனை இழந்த ஒரு பிள்ளையையும் அழைத்துக்கொள்ளுங்கள். யத்தீமைப் பராமரிப்பவர் சுவர்க்கத்தில் தம்மோடு இரு விரல்களைப் போல் நெருங்கி இருப்பார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் காட்டியது நாம் அறிந்ததே. அந்தப் பிள்ளையிடம் காட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று கேட்க ஓர் அத்தா இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! நீ ஒப்படைத்த இந்த அமானிதங்களை விட்டுக் கவனமற்றுப் போகிறவர்களாக எங்களை ஆக்கிவிடாதே! ஆமீன். வஸ்ஸலாம்.